திரையில் வரும் ‘கம்யூனிகேஷன் எரர்’ செய்தியை அணைத்துவிடலாமா?

கேள்வி, நவம்பர் 3, மாலை 6.05

பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு பேக்கிங் லைன். ஐந்து ட்ரைவ் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), ஒரு பிஎல்சி (லைனை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி), எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 தகவல் வயரில். கருவிகள் பேசும் முறை மாட்பஸ், நொடிக்கு 9600 பிட் வேகம், ஆபரேட்டர் திரையான ஹெச்எம்ஐதான் மாஸ்டர், அதாவது கேள்வி கேட்பது. திரையில் ‘கம்யூனிகேஷன் எரர்’ என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை வந்து மறைகிறது. லைன் நிற்பதில்லை, உற்பத்தியும் குறையவில்லை. ஆபரேட்டர்கள் தொல்லை என்கிறார்கள், மேனேஜர் ‘அதை எடுத்துவிடுங்கள்’ என்கிறார். பதிலுக்குக் காத்திருக்கும் நேரமான டைம்-அவுட்டை 1 நொடியிலிருந்து 10 நொடிக்கு ஏற்றிவிட்டு, பாப்-அப்பையும் அணைத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஏதாவது ஆபத்து உண்டா?

பதில், நவம்பர் 3, இரவு 9.20

வேண்டாம். இரண்டையும் செய்யாதீர்கள்.

டைம்-அவுட் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பத்து ரெஜிஸ்டர் (ட்ரைவுக்குள் ஓர் எண் இருக்கும் இடம்) படிக்க ஹெச்எம்ஐ 8 பைட் அனுப்பும், பதில் 25 பைட் வரும். மொத்தம் 33 பைட். 9600 வேகத்தில் இது 35 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். ட்ரைவ் பதில் தயாரிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால்கூட ஒரு நொடி தாராளம். ஒரு நொடியில் வராத பதில் பத்து நொடி காத்திருந்தாலும் வரப்போவதில்லை.

மாறாக, நஷ்டம் வரும். எல்லாம் ஒரே வயர் என்பதால் ஹெச்எம்ஐ ஒவ்வொருவராகத்தான் கேட்கும். மூன்றாம் ட்ரைவ் வாய் மூடிவிட்டால் அதற்காகப் பத்து நொடி நிற்கும். முதல் முயற்சியும் மூன்று மறுமுயற்சியும் சேர்ந்தால் 40 நொடி. அந்த 40 நொடியும் மற்ற நான்கு ட்ரைவின் எண்களும் திரையில் பழசாகவே நிற்கும். ஆபரேட்டருக்கு அது பழசு என்று தெரியாது.

எந்த எரர் என்று சொல்லவில்லையே. ஹெச்எம்ஐ-யின் சிஸ்டம் லாக்கில் எண் ஏதாவது பதிவாகிறதா? எந்த நேரங்களில் வருகிறது? ஒரு நாள் முழுக்க நேரத்தை மட்டும் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

நவம்பர் 4, காலை 7.40

மெட்ரோவில் பீன்யா தொழிற்பேட்டைக்குப் போகிற வழியில் எழுதுகிறேன். ஏன் எந்த எரர் என்று கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

திரைக்கும் பிஎல்சிக்கும் நடுவே கோளாறு என்றால் அது மூன்று விதமாகத் தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

கேட்டோம், பதிலே இல்லை. இது டைம்-அவுட். வயர் விட்டிருக்கலாம், முகவரி தப்பாக இருக்கலாம், வேகம் பொருந்தாமல் இருக்கலாம், எதிரில் இருப்பது செத்திருக்கலாம். நம் கேள்வி வழியில் சிதைந்து போனாலும் இதே கதைதான். செய்தியின் கடைசியில் வரும் சரிபார்ப்பு எண்ணான சிஆர்சி பொருந்தவில்லை என்றால் ட்ரைவ் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ‘எனக்குப் புரியவில்லை’ என்று கூடச் சொல்லாது. மாட்பஸ் அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

அடுத்தது, பதில் வந்தது, ஆனால் சிதைந்து வந்தது. சிஆர்சி பிழை. எதிராளி உயிரோடு இருக்கிறார், வழியில்தான் சத்தம், அதாவது மின் இடையூறு.

கடைசியாக, பதில் தெளிவாக வந்தது, அந்தப் பதிலே மறுப்பு. இதுதான் எக்ஸப்ஷன். ரெஜிஸ்டர் படிக்க 3 என்ற ஃபங்ஷன் எண்ணை அனுப்பினால், மறுக்கும்போது அதோடு 128-ஐக் கூட்டி 131 என்று திரும்பி வரும், பின்னால் காரணம் ஒரு பைட்டில். காரணம் 1 என்றால் அந்த வேலையே எனக்குத் தெரியாது. 2 என்றால் அந்த முகவரி என்னிடம் இல்லை. 3 என்றால் நீ கொடுத்த மதிப்பை ஏற்க முடியாது. 4 என்றால் செய்யப் போனேன், எனக்குள்ளேயே கோளாறு. 6 என்றால் வேறு வேலையில் இருக்கிறேன், அப்புறம் கேள்.

எக்ஸப்ஷன் வந்தால் நான் நிம்மதிப்படுவேன். வயர் நன்றாக இருக்கிறது, வேகம் சரி, முகவரி சரி, எதிராளி நம் கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுத்தான் மாட்டேன் என்கிறார். இதைப் பார்த்துவிட்டுக் கேபிளை மாற்றப் போகிறவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். ஒரே பாப்-அப், ஒரே சிவப்புப் பெட்டி, ‘கம்யூனிகேஷன் எரர்’ என்று ஒரே வாசகம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இறங்க வேண்டும். மீதி இரவு.

நவம்பர் 4, இரவு 10.10

ஒரு திருத்தம். கோவையிலிருந்து ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். நேற்று 35 மில்லி நொடி என்றேனே, அது ஒரு எழுத்துக்கு, அதாவது ஒரு பைட்டுக்கு, 10 பிட் என்று போட்ட கணக்கு. இங்கே ஓடும் மாட்பஸ் ஆர்டியூ வகையின் முறைப்படி ஓர் எழுத்துக்கு 11 பிட். பாரிட்டி என்ற சரிபார்ப்பு பிட் இருந்தால் அதற்கு ஒன்று, இல்லையென்றால் எழுத்தின் முடிவைக் குறிக்கும் ஸ்டாப் பிட் இரண்டு. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 38 மில்லி நொடி. நடைமுறையில் பல ட்ரைவுகள் பாரிட்டியும் இல்லாமல் ஒரே ஸ்டாப் பிட்டோடு 10 பிட்டில்தான் ஓடுகின்றன. ஆனாலும் அவர் சொன்னதுதான் முறை. இரண்டு ஃப்ரேமுக்கு (செய்திக்கு) நடுவே விட வேண்டிய மூன்றரை எழுத்து மௌனமும் அதே கணக்கில் 4 மில்லி நொடி ஆகிறது.

அப்புறம், காரணம் 2 பற்றி ஒன்று. மேனுவலில் 40001 என்று போட்டிருப்பது வயரில் 0 என்று போகும். சில ஹெச்எம்ஐ மென்பொருள் ஒன்றைக் கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. கடைசி ரெஜிஸ்டரைத் தாண்டினால் 2 வந்து காப்பாற்றும். நடுவில் ஒன்று தள்ளிப் படித்தால் எரரே வராது, பக்கத்து ரெஜிஸ்டரின் மதிப்பு நம் பெட்டியில் அழகாக உட்கார்ந்திருக்கும். கரண்ட் என்று எழுதிய இடத்தில் வோல்டேஜ் ஓடும். புது லைன் ஓட்டும்போது ஒவ்வொரு எண்ணையும் ட்ரைவின் சொந்தத் திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

நவம்பர் 6, இரவு 11.30

‘லைன் நன்றாகத்தானே ஓடுகிறது, செய்தியை மறைத்தால் என்ன கெட்டுவிடும்’ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். என்ன கெடும் என்று எனக்குத் தெரியும். 2011-இல் நானே மறைத்தேன்.

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. ட்யூப்லைட் பட்டிகளுக்கு வெள்ளை பூசி அடுப்பில் வேக வைப்பார்கள். மின்சார ஹீட்டர், கான்டாக்டர் என்ற மின்காந்த சுவிட்ச் மூலம் ஓடுவது. வெப்பநிலை கன்ட்ரோலர் பேனலுக்குள்ளே, பேனல் கதவு பூட்டியிருக்கும். அதிலிருந்து ஆர்எஸ்-485 வழியாக வெளியே ஒரு ஏழு அங்குலத் திரை. ஆபரேட்டர் பார்ப்பது அந்தத் திரை ஒன்றைத்தான். ஓவர் டெம்பரேச்சர் அலாரத்தையும் கன்ட்ரோலரிலிருந்து அதே வயரில்தான் எடுத்திருந்தேன். தனி வயர் இழுத்தால் செலவு என்று சொன்னார்கள், சரி என்று விட்டேன்.

உங்கள் கதையேதான். அடிக்கடி பாப்-அப். தொல்லை என்று மெயின்டெனன்ஸ் சொன்னதும் மென்பொருளில் அந்த டிக் குறியை எடுத்துவிட்டேன். பத்து நொடி வேலை. அதோடு பாப்-அப்பை நானும் மறந்தேன், அவர்களும் மறந்தார்கள்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் காலை, கன்ட்ரோலரின் டெர்மினலில் ஒரு ஸ்க்ரூ நெகிழ்ந்து வயர் விட்டுவிட்டது. திரை கடைசியாகப் படித்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டது. 186.4. அடுப்பு உண்மையிலும் அந்த அளவில்தான் இருந்தது, ஆகவே மதியம் வரை ஒன்றும் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கான்டாக்டரின் காண்டாக்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. கன்ட்ரோலர் ஹீட்டரை அணைக்கச் சொல்லியும் ஹீட்டர் அணையவில்லை. கன்ட்ரோலர் அலாரம் போட்டது, போடாமல் இல்லை. அந்த அலாரம் வர வேண்டிய வயர்தான் காலையிலேயே விட்டுப் போயிருந்தது. திரையில் 186.4.

நல்லவேளை, அடுப்பு செய்தவர்கள் தனியாக ஒரு தெர்மோஸ்டாட் வைத்து மெயின் கான்டாக்டரை நேரடியாக ட்ரிப் செய்யும்படி வயரிங் செய்திருந்தார்கள். அது இல்லையென்றால் நான் இன்று வேறு மாதிரி ஒரு கதை எழுதிக்கொண்டிருப்பேன். அது ட்ரிப் ஆவதற்குள் உள்ளே இருந்த சரக்கு முழுதும் போயிற்று. வெள்ளைப் பட்டிகள் பழுத்த வாழையிலை நிறத்தில் வெளியே வந்தன.

சாயங்காலம் நான் போனபோது ஆபரேட்டர் அண்ணன் ஒருவர், கிருஷ்ணகிரிப் பக்கம், அடுப்பு வாயிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: “தம்பி, எப்பவும் அந்தக் கடைசி நம்பர் ஆடிக்கிட்டே இருக்கும். நாலு, அஞ்சு, மூணு, நாலுன்னு. இன்னைக்குக் காலையிலேர்ந்து ஆடவே இல்ல. அடுப்பு நல்லா செட் ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

அவர் பார்த்தார். திரை செத்துவிட்டதைக் காலை ஒன்பது மணிக்கே கண்டுபிடித்துவிட்டார். அதற்கு என்ன பொருள் என்று அவருக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. அந்த வாயைத்தான் நான் அடைத்திருந்தேன்.

முதலில் கேட்டவருக்கு இதைத்தான் சொல்ல வருகிறேன். தகவல் அறுந்ததும் அன்றைக்கே ஒன்றும் கெடாது. அது காத்திருக்கும். இரண்டாவது கோளாறு என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

நவம்பர் 7, இரவு 9.00

அந்த அண்ணன் சொன்ன ‘ஆடும் கடைசி எண்’ணைத்தான் அன்றிலிருந்து எல்லாத் திரையிலும் வைக்கிறேன். ஹார்ட்பீட் என்று எல்லோரும் சொல்வது.

பிஎல்சியில் ஒரு பிட்டை நொடிக்கு ஒரு முறை மாற்றுங்கள். 0, 1, 0, 1. திரை அதைப் படிக்கட்டும். மூன்று நொடி மாறவில்லை என்றால் அந்தப் பக்கத்தின் எல்லா எண்களையும் திரை மறைத்து, அந்த இடத்தில் கோடு போடட்டும். நிறத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சாம்பல் நிறத்தில் 186.4 என்று இருந்தாலும் மனிதக் கண் 186.4 என்றுதான் படிக்கும்.

எதிர்ப்பக்கமும் வேண்டும். திரை தன் பங்குக்கு ஒன்றை பிஎல்சியில் எழுத வேண்டும். அது நின்றால் பிஎல்சி தானாக ஒரு முடிவு எடுக்க வேண்டும்: கடைசி செட்பாயின்டில் (கொடுத்து வைத்த இலக்கு எண்ணில்) தொடர்வதா, மெதுவாக நிறுத்துவதா என்பதை இயந்திரத்தைப் பொறுத்து முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அறிவிப்பு இயந்திரத்தின் மேல் நிற்கும் டவர் லேம்ப்பில் வர வேண்டும், பிஎல்சி அவுட்புட்டிலிருந்து நேர் வயரில். திரை செத்துவிட்டது என்ற செய்தியைத் திரையிலேயே காட்ட முடியாதல்லவா.

நவம்பர் 7, இரவு 11.50

மேலே எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது, படுத்த பிறகு நினைவு வந்து எழுந்து உட்கார்ந்தேன். 0, 1 என்று மாறும் பிட் போதாது.

பிட் நொடிக்கு ஒரு முறை மாறுகிறது, திரை இரண்டு நொடிக்கு ஒரு முறை படிக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் 1 என்றே படிக்கலாம். எல்லாம் நன்றாக ஓடும்போதே ‘தொடர்பு இல்லை’ என்று கத்தும். மறுபடியும் பொய் அலாரம், மறுபடியும் ‘அதை அணைத்துவிடு’. வந்த இடத்துக்கே திரும்பிப் போவோம்.

பிட்டுக்குப் பதிலாக ஒரு ரெஜிஸ்டரில் எண்ணிக்கை வையுங்கள். நொடிக்கு ஒன்று கூடட்டும். 16 பிட் என்றால் 65535 வரை போய் 0-க்குத் திரும்பும், 18 மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆகவே ‘முன்பைவிடப் பெரிதா’ என்று சோதிக்காதீர்கள், ‘முன்பிலிருந்து வேறா’ என்று சோதியுங்கள். பெரிதா என்று சோதித்த ஒரு ப்ரோக்ராமில் ஒவ்வொரு ஓட்டத்திலும் பதினெட்டு மணி நேரம் கழித்து ஓர் அலாரம் வந்தது. ஷிஃப்டோடு பொருந்தாது, கரண்டோடு பொருந்தாது, மழையோடு பொருந்தாது. மூன்று வாரம் தேடினோம்.

நவம்பர் 10, இரவு 8.15

ஒருவர் கேட்டார்: ‘ஆபரேட்டர்கள் அலாரத்தைப் படிப்பதே இல்லை, வந்ததும் ஓகே தட்டுகிறார்கள். அவர்களுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?’

ஏன் படிப்பதில்லை என்று யோசிக்க வேண்டும். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது, 26 பேருக்குக் காயம். வெடிப்புக்கு முந்தைய ஏறக்குறைய பதினோரு நிமிடத்தில் இரண்டு ஆபரேட்டர்கள் முன்னால் 275 அலாரங்கள் வந்தன. இரண்டரை நொடிக்கு ஒன்று. எவரால் படிக்க முடியும்? ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஓர் அலாரம் என்ற சராசரியைத்தான் அலாரம் அமைப்புகளுக்கான இஇஎம்யூஏ 191 வழிகாட்டி தாங்கக்கூடியது என்கிறது. அலாரம் மேலாண்மைக்கான ஐஎஸ்ஏ-18.2 தரநிலை இன்னும் அடிப்படைக்குப் போகிறது: ஆபரேட்டர் குறித்த நேரத்தில் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால்தான் அது அலாரம். செய்ய எதுவும் இல்லாததை லாக்கில் எழுதிவிட்டுப் போகலாம், அவர் முகத்தில் காட்ட வேண்டாம்.

ஆகவே முதலில் கேட்டவரின் ஆபரேட்டர்கள் சொல்வதும் நியாயம்தான். நவம்பர் 3-இல் ‘வேண்டாம்’ என்று ஒரே அடியாக அடித்துவிட்டேன். இப்போது யோசித்தால், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வரவில்லை, அடுத்த கேள்விக்கு வந்துவிட்டது என்றால் அதற்குப் பாப்-அப் தேவையில்லை. அதை எண்ணி வைத்தால் போதும். தொடர்ந்து மூன்று கேள்விக்குப் பதில் இல்லை என்றால் அப்போது காட்டுங்கள், ஓகே தட்டினாலும் தொடர்பு திரும்பும் வரை மறையாதபடி காட்டுங்கள். எண்ணி வைத்ததை வாரம் ஒரு முறை மெயின்டெனன்ஸ் பார்க்க வேண்டும்.

வயர் ஒன்று அறுந்தால் அதன் பின்னால் இருக்கும் இருபது அலாரமும் சேர்ந்து கிளம்பும். தொடர்பு இல்லை என்ற ஒன்றைக் காட்டிவிட்டு மற்றதை அடக்கி வையுங்கள்.

வாசகம். ‘இ-17 நோடு 3 கம் ஃபெயில்’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? பீன்யாவில் ஒரே ஷிஃப்டில் ஒடிசாக்காரர், பீகார்க்காரர், ராய்ச்சூர்க்காரர், தர்மபுரிக்காரர் நால்வரும் நிற்பார்கள். நான் இப்போது எழுதுவது இப்படி: ‘மூன்றாம் ட்ரைவ் பேசவில்லை. பெல்ட் ஓடும், வேகத்தை மாற்ற முடியாது. மெயின்டெனன்ஸைக் கூப்பிடவும்.’ என்ன ஆயிற்று, இப்போது எது முடியும், யாரைக் கூப்பிட வேண்டும். கன்னடம், இந்தி, ஒடியா, தமிழ் நான்கிலும். பழைய திரைகளில் தமிழ் எழுத்து சிதையும், ‘கொ’ என்று அடித்தால் கொம்பு தனியாக, ககரம் தனியாக, கால் தனியாக நிற்கும். அங்கெல்லாம் வாசகத்தைப் படமாகச் செய்து போடுகிறேன். மெமரி கொஞ்சம் தின்னும், பரவாயில்லை. ஒடியா வாசகத்தை ஒரு ஹெல்ப்பர் தம்பிதான் திருத்திக் கொடுத்தார். ‘பேசவில்லை’க்கு நான் கண்டுபிடித்து வைத்திருந்த சொல் ‘ஊமை’ என்று பொருள் தந்ததாம். அன்று ஷிஃப்டே சிரித்தது.

நவம்பர் 12, இரவு 10.40

அழுத்தியிருக்கும் வரை மட்டும் இயந்திரத்தை ஓட்டும் ஜாக் பட்டனைப் பற்றி எழுதாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை. திரையில் ஜாக் பட்டன் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

திரையில் விரலை வைத்தால் பிஎல்சியில் ஒரு பிட்டில் 1 எழுதப்படும். விரலை எடுத்தால் 0. பார்க்க சாதாரண புஷ் பட்டன் மாதிரியே இருக்கும். ஆனால் உண்மையான புஷ் பட்டனில் விரலை எடுத்தால் ஸ்ப்ரிங் காண்டாக்டைப் பிரித்துவிடும், அதற்கு யாருடைய தயவும் வேண்டாம். திரையில் விரலை எடுத்த செய்தி வயரில் போய்ச் சேர வேண்டும். விரல் இருக்கும்போதே தொடர்பு அறுந்தால்? பிஎல்சியில் 1 அப்படியே நிற்கும். விரல் எடுத்தாயிற்று, ரோலர் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு லேமினேஷன் மெஷினில், ரோலரில் பசை துடைத்துக்கொண்டிருந்தவரின் துணியை இழுத்துக்கொண்டது. கையை விட்டுவிட்டார், துணி மட்டும் போயிற்று. எமர்ஜென்ஸி பட்டன் நேர் வயரில் இருந்ததால் அடித்து நிறுத்தினார்கள். எமர்ஜென்ஸி ஸ்டாப்பைத் திரையில் வைக்கவே கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன்.

ஜாக்கை முடிந்தால் நிஜ பட்டனில் வையுங்கள். திரையில்தான் என்றால், ஹார்ட்பீட் நின்றதும் பிஎல்சி அந்த பிட்டைத் தானே 0 ஆக்க வேண்டும். இங்கே மூன்று நொடி என்பது மிக அதிகம், அரை நொடிக்கு மேல் போகாதீர்கள். அதற்கு எண்ணிக்கையும் நொடிக்கு ஒன்று என்றில்லாமல் வேகமாக ஓட வேண்டும், 9600-இல் ஆறு கருவிகளைக் கேட்டுக்கொண்டிருக்கும் வயரில் அது கஷ்டம். அதனால்தான் நிஜ பட்டன் என்கிறேன்.

நவம்பர் 13, காலை 7.35

நேற்றையதன் தொடர்ச்சி. பட்டன் பச்சையாவது எதைப் பார்த்து? பெரும்பாலும் ‘ஓடு’ என்று எழுதிய அதே பிட்டைப் பார்த்து. அப்படியென்றால் அந்தப் பச்சை ‘ஓடச் சொன்னேன்’ என்கிறது, ‘ஓடுகிறது’ என்று சொல்லவில்லை. கான்டாக்டரோடு சேர்ந்து மாறும் ஆக்சிலரி காண்டாக்டிலிருந்து, முடிந்தால் ஷாஃப்டில் ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சாரிலிருந்து எடுத்துக் காட்டுங்கள்.

1979 மார்ச் 28, அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. அழுத்தம் விடும் வால்வு திறந்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு, வால்வின் சொலினாய்டுக்குப் போகும் மின்சாரத்தைத்தான் காட்டியது, வால்வின் நிலையைக் காட்டவில்லை. மின்சாரம் நின்றதும் விளக்கு அணைந்தது, மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மோடிகான் கம்பெனி மாட்பஸை வெளியிட்டதும் அதே 1979-இல்தான். இவ்வளவு காலத்துக்கு அப்புறமும் ஒவ்வொரு புது லைனிலும் ‘சொன்னதையா காட்டுகிறாய், நடப்பதையா’ என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 15, சனிக்கிழமை, இரவு 9.45

முதலில் கேட்டவர் எழுதி வைத்த நேரப் பட்டியலை அனுப்பியிருந்தார். நாள் முழுக்க ஒரு ஒழுங்கு: கம்ப்ரஸர் கிளம்பும் நேரங்களோடு முக்கால்வாசி பொருந்தியது. இன்று நேரிலேயே போய்விட்டேன். பீன்யாவிலிருந்து பச்சை லைன், ஆர்.வி. ரோட்டில் மாறி மஞ்சள் லைன். சில்க் போர்டை மேலேயிருந்து பார்த்துக்கொண்டே கடந்தது எனக்கு இன்னும் புதுசாக இருக்கிறது.

பவரை அணைத்துவிட்டு, வயரின் ஏ, பி என்ற இரண்டு கம்பிக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் டெர்மினேஷன் ரெசிஸ்டர் இருந்தால் 60 காட்ட வேண்டும். 30-க்குச் சற்றுக் கீழே காட்டியது. அப்படியென்றால் நான்கு ரெசிஸ்டர். ட்ரைவ் கவரைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் இருக்கும் இரண்டாவது, நான்காவது ட்ரைவிலும் அந்த ரெசிஸ்டரைச் சேர்க்கும் டெர்மினேஷன் டிப் சுவிட்ச் மேலே. யாரோ நல்லெண்ணத்தில் போட்டிருக்கிறார்கள். ஆர்எஸ்-485 ட்ரைவர் 54 ஓம் சுமைக்கு வகுக்கப்பட்டது. 30-இல் சிக்னல் மெலிந்துபோய், கம்ப்ரஸர் கிளம்பும்போது வரும் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. கேபிளும் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் முப்பது அடி படுத்திருந்தது.

சுவிட்ச் இரண்டையும் இறக்கினோம். 60. கேபிளைச் சுவரோரம் தனியாக எடுத்துப் போனோம். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். ட்ரைவ் இருக்கும் இடத்தில் இரு முனையிலும் எர்த் செய்வதுதான் நல்லது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரு முனை எர்த்தும் கனமான கம்பியால் இணைந்து ஒரே மட்டத்தில் இருந்தால் அதுவே சரி, உயர் அதிர்வெண் சத்தத்துக்கு அதுதான் நல்லது. அந்த ஷெட்டில் இரண்டு எர்த்துக்கும் நடுவே மூன்று வோல்ட் இருந்தது. ஷீல்டு வழியாகக் கரண்ட் ஓடும். அதனால் ஒரு முனை.

அப்படியே ஹார்ட்பீட்டை இரண்டு பக்கமும் போட்டுவிட்டு வந்தேன். திரையின் வலது மேல் மூலையில் எண்ணிக்கை ஓடுகிறது. அங்கிருந்த ஆபரேட்டர் அக்கா “இது எதுக்கு சார்?” என்றார். நின்றால் திரையை நம்பாதீர்கள், கதவைத் திறந்து ட்ரைவைப் பாருங்கள் என்றேன். ஒரு முறை நடத்திக் காட்டினேன்: கேபிளைப் பிடுங்கியதும் எண்களெல்லாம் கோடாகின, டவர் லேம்ப்பில் மஞ்சள் வந்தது. அவரே ஒரு முறை பிடுங்கிப் பார்த்துவிட்டு மாட்டினார்.

நவம்பர் 29, இரவு 8.50

இரண்டு வாரம் ஆயிற்று. முப்பது நாற்பது வந்த இடத்தில் பகல் முழுக்க ஒன்றும் இல்லை. ஆனால் புதிதாக ஒன்று கிடைத்திருக்கிறது. பிஎல்சி லாக்கில் ‘ஹெச்எம்ஐ பேசவில்லை’ என்று தினமும் காலை ஆறு மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடத்தில் ஒரு பதிவு. ஒரு நிமிடம் கூட இருக்காது, பிறகு சரியாகிவிடும். பழைய ஏற்பாட்டில் இது தெரிந்திருக்கவே முடியாது, திரைதான் அந்த நேரத்தில் இல்லையே.

ஆறு மணிக்கு நேரில் இருந்து பார்க்கச் சொன்னேன். விடிந்ததும் இரவு ஷிஃப்டுக்காரர் போகிற போக்கில் ஷெட் விளக்குகளை அணைக்கிறார். திரை இருட்டாகிறது. பகல் ஷிஃப்டுக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு சுவிட்சை மறுபடி போடுகிறார். திரையின் 24 வோல்ட் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ்-க்கு யாரோ விளக்கு சர்க்யூட்டிலிருந்து லைன் எடுத்திருக்கிறார்கள். திரை மறுபடி கிளம்பும்போது செட்பாயின்ட் பெட்டிகளில் என்ன மதிப்போடு கிளம்புகிறது, அதை ட்ரைவுக்கு எழுதுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சில திரைகள் 0 என்று எழுதிவிடும்.

எஸ்.பி. ரோட்டில் 2 ஆம்பியர் எம்சிபி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை தனி லைன் இழுத்துவிட்டு, ஏழாம் தேதி காலை லாக்கையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.